மூன்றாவது தடவை

வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு கேக் என் கண் முன்னால் வந்துவிட்டுப் போயிற்று.

பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களை வரவேற்கும் கூட்டம். விமானத்தில் இருபது மணி நேரம் உட்கார்ந்து வந்த எனக்குப் பசியில் காது அடைத்தது. அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் தட்டோடு வந்து, "கேக் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவர்கள் எல்லோரும் அவர்கள் மொழியில்தான் பேசினார்கள். நான் நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் அதுதான் வசதி. நான் சிரித்த முகமாக, "இல்ல, பரவாயில்ல, வேண்டாங்க" என்றேன். சொல்லிவிட்டு வலது கையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

தட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது.

நான் பதறவில்லை. ஒரு சுற்று முடித்துத் திரும்பி வருவார், "அட, சும்மா எடுத்துக்கங்க" என்பார் என்று காத்திருந்தேன். சுற்று முடிந்தது. மிச்சக் கேக்கை மூடி எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். இதெல்லாம் ஒரு உபசாரமா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே குழாய்த் தண்ணீரைக் குடித்தேன்.

எங்கள் வீட்டில் 'வேண்டாம்' சொல்வதற்கு ஒரு முறை உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், எதைக் கொடுத்தாலும், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது குடும்ப மானத்துக்கு. இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். அது, கொடுக்கிறவர்கள் மனசாரத்தான் கொடுக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவை கேட்டால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க, கொஞ்சமா குடுங்க" என்று வாங்கிக்கொள்ளலாம். ஆறு வயதில் சித்தி வீட்டில் நான் முதல் தடவையிலேயே பிஸ்கட்டை எடுத்துவிட்டேன். அம்மா அங்கே ஒன்றும் சொல்லவில்லை, தொடையில் ஒரு கிள்ளு மட்டும் கிள்ளினாள். வெளியே வந்ததும், "வீட்டுல சோறு போடாம வளத்த மாதிரி அலையறியேடி" என்றாள். அதற்குப் பிறகு என் வாய் தானாகவே வேண்டாம் சொல்லப் பழகிவிட்டது.

அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அடுத்தவர்களுக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. புடவை எடுத்துத் தரட்டுமா என்று அப்பா கேட்டால், "எனக்கெதுக்கு, இருக்கறதே போதும்" என்பாள். அப்பாவுக்குப் பொறுமை இரண்டாவது தடவையோடு தீர்ந்துவிடும். அதனால் அம்மாவுக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன சங்கதிகள் நிறைய. அதற்காக அவள் சட்டத்தை மாற்றவும் இல்லை, அப்பாவை மன்னிக்கவும் இல்லை.

இந்த ஊரில் ஒரு தடவைதான் கேட்கிறார்கள் என்பது எனக்கு உறைக்க ஒரு பருவமே ஆயிற்று. அதற்குள் காரில் ஏறிக்கொள்ளச் சொன்னவர்களை மூன்று நாள் மறுத்துவிட்டு மழையில் தொப்பலாக நனைந்தேன். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நம் ஊர் சீனியர் அக்கா ஒவ்வொரு தடவையும் துண்டோடு வந்து தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா வந்து நான்கு வருஷம் ஆயிற்று. துண்டு வேண்டுமா என்று அவள் கேட்பதே இல்லை, நேராகத் தலையில் போட்டுவிடுவாள். அந்த வீட்டில் நான் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம்.

நான் படிக்க வந்தது கட்டுமானப் பொறியியல். எங்கள் கான்கிரீட் லேபை ஆள்கிறவர் அங்கே டெக்னீஷியனாக இருக்கும் ஐம்பது வயது அம்மா. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் மேஜைமேல் இருக்கும் ஸ்பேனர் குதிக்கும். நான் அவருக்கு வைத்த பெயர் பூட்ஸம்மா. முதல் வாரம் நான் லேபில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, தன் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோட்டை எடுத்து நீட்டினார்.

"இது எனக்குச் சின்னதாப் போச்சு. வேணுமா?"

"ஐயோ, வேண்டாங்க. எனக்குக் குளிரே இல்ல" என்றேன். பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

"சரி" என்று கோட்டை ஆணியில் மாட்டிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அது அந்த ஆணியிலேயே தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நடுங்கினேன்.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. எனக்கு அடுத்தவர்களுடைய வேண்டாமும் காதில் ஏறாது. ஒரு நாள் மதியம் என் டப்பாவிலிருந்து கொஞ்சம் சாப்பிடச் சொல்லிப் பூட்ஸம்மாவை வற்புறுத்தினேன். வேண்டாம் என்றார். "சும்மா ஒரு வாய்" என்றேன். வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை நான் கரண்டியோடு எழுந்தபோது அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். ரொம்பக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் வயிறும் குளிரும் சம்பந்தப்பட்டது. பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான அடி அந்தத் திங்கட்கிழமைதான் விழுந்தது.

எங்கள் படிப்பில் ஒரு விதி. முதல் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட வேண்டும். சேராதவருக்கு இரண்டாம் வருஷம் கிடையாது, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நான் வேறு யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. இடித்த கட்டடங்களின் இடிபாட்டை நொறுக்கி, அதை ஜல்லிக்குப் பதிலாகப் போட்டுக் கான்கிரீட் செய்கிற ஆராய்ச்சி ஒன்று எங்கள் பேராசிரியரிடம் இருந்தது. அதற்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன். அதைப் பற்றி அம்மா தன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். வாட்ச்மேன், "பாப்பா கல்லு உடைக்கவா அவ்வளவு தூரம் போயிருக்கு?" என்று வருத்தப்பட்டாராம்.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் ஒரு கூழாங்கல்லை உருட்டிக்கொண்டே பேசுவார்.

"என் ப்ராஜெக்ட்ல ஒரு இடம் இருக்கு. உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. சேர்ந்துக்கறீங்களா?"

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. அப்போது என் வாய், இருபத்திரண்டு வருஷம் அம்மா வளர்த்த என் வாய், சொன்னது: "ஐயோ, எனக்கெதுக்கு சார் அவ்வளவு பெரிய பொறுப்பு. என்னைவிட நல்லா செய்யறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

பேராசிரியரின் கையில் கல் ஒரு கணம் நின்றது. "ஓ. அப்படியா. சுத்தி வளைக்காம நேரா சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ தட்ட ஆரம்பித்தார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாவது தடவைக்காக. தட்டி முடித்துவிட்டுக் கேட்பார் என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. நான்காவது நிமிஷம் அவர் திரும்பிப் பார்த்து, நான் இன்னும் அங்கேயே இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார்" என்றேன். அதற்கும் அதே வாய்தான்.

சீனியர் அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் வெங்காயத்தாலும் சிரிப்பாலும் அழுதுகொண்டிருந்தாள்.

"அடி லூசு. இங்க வேண்டாம்னா வேண்டாம்தான். நேரா போய், 'தெரியாம சொல்லிட்டேன், எனக்கு அந்த இடம் வேணும்'னு கேளு."

"நானா போயா? எனக்குக் குடுங்கன்னு கேக்கறதா?"

"பின்ன, உங்க அம்மாவா வந்து கேப்பாங்க?"

"அப்படிக் கேட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

"இப்ப என்ன நினைக்கறாரோ அதைவிட நல்லாத்தான் நினைப்பார்" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் போனேன். கதவைத் தட்டி உள்ளே போய், மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைக் கடனாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மதியம் ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ரொம்ப நல்ல ஸ்டேப்ளர் சார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. சாயங்காலம் கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். கேட்காமல் கொடுத்தால் அது மரியாதை, கேட்டு வாங்கினால் அது பிச்சை என்று ஊறிய மனசு, ஒரு நாளில் எப்படி மாறும்?

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் பூரித்துப்போனாள்.

"நல்ல பிள்ளை. அப்படித்தான் சொல்லணும். நாளைக்கு மறுபடி கேப்பார் பாரு."

புதன்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள். "கேட்டாரா?"

"இல்லம்மா."

"ஏதாவது வேலையா இருந்திருப்பார்."

வியாழக்கிழமை. "கேட்டாரா?"

"இல்லம்மா. இங்க மறுபடி கேக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுஷன் அவர்? படிச்சவர்தானே? ஒரு பொண்ணை ரெண்டு வார்த்தை வற்புறுத்தத் தெரியாதா? அவங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக்குடுக்கலையா?"

"நீ சொல்லிக்குடுத்ததாலதாம்மா இந்தக் கதி!" என்று கத்திவிட்டேன். நானே போனை வைத்தேன். வைத்த பிறகும் கோபம் போகவில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் யார் எதைக் கேட்டாலும் முதல் தடவையிலேயே சரி. இதுவரை சொன்ன அத்தனை வேண்டாமுக்கும் பரிகாரமாக ஒரே நாளில் அத்தனை சரியையும் சொல்லித் தீர்த்தேன். காரிடாரில் ஒரு பெண் காகிதத்தை நீட்டிப் பாட்டுக்குழுவில் சேர்கிறீர்களா என்றாள். சரி. என் குரலைக் கேட்டால் காக்கை பறந்துவிடும், அது அவளுக்கு அப்போது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாள் வெளியூர் போகிறார், பூனையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். சரி. அந்தப் பூனை என்னைப் பார்த்த பார்வையில் அம்மா ஞாபகம் வந்தது. கட்டடத்தில் தீ விபத்து நேர்ந்தால் எல்லோரையும் வெளியேற்றும் பொறுப்பு காலியாக இருக்கிறது என்றார்கள். அதற்கும் சரி. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். எல்லாரும் வந்து கேட்டார்கள். கேட்க வேண்டிய ஒருவர் மட்டும் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார், "விசில் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு.

வெள்ளிக்கிழமை காலை. மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஆரஞ்சுச் சட்டையோடு லேபுக்குப் போனேன்.

பூட்ஸம்மா தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கான்கிரீட்டைச் சதுரக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மெஷினில் நசுக்கி எவ்வளவு எடை தாங்குகிறது என்று பார்ப்போம். கியூப் என்போம். இருபத்தெட்டு என்றால் இருபத்தெட்டுதான், இருபத்தொன்பதாம் நாள் நசுக்கினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. அன்றைக்கு இருபத்தெட்டாவது நாள். தொட்டியில் ஐம்பத்து நான்கு கியூப், ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. பூட்ஸம்மாவின் வலது மணிக்கட்டில் தடிமனாகக் கட்டுப் போட்டிருந்தது. முந்தின நாள் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறார். இடது கையால் ஒரு கியூபைத் தூக்கி, பாதியில் தொட்டி விளிம்பில் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் லேபில் இருந்த இரண்டு மாணவர்கள், "உதவட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். "சரி" என்று அவர்கள் போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். இந்த ஊர்ப் பிள்ளைகள்.

"நான் தூக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்."

"இல்லைங்க, நான் சும்மாதான் இருக்கேன். தூக்கறேன்."

"வேண்டாம்னு சொன்னேனே."

அதட்டல்தான். ஆனால் அந்த வேண்டாம் எனக்குத் தெரிந்த வேண்டாம். எங்கள் வீட்டுச் சமையலறையில் தினமும் கேட்டு வளர்ந்தது. அதைச் சொல்லும்போது அம்மாவின் கண் எங்கே பார்க்குமோ அங்கேதான் பூட்ஸம்மாவின் கண்ணும் பார்த்தது, தரையை. மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டேன். தண்ணீர் ஜில்லென்று எலும்பு வரை ஏறியது. ஒரு கியூபைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன்.

பூட்ஸம்மா என்னை முறைத்தார். திரும்பவும் கரண்டியோடு வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். நான் இரண்டாவது கியூபைத் தூக்கினேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, பூட்ஸ் காலால் தள்ளுவண்டியை எனக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

மதியம் ஒரு மணி வரை தூக்கினேன், துடைத்தேன், மெஷினில் ஏற்றினேன். அவர் எண்களைப் படித்தார், நான் எழுதினேன். கடைசிக் கியூப் நொறுங்கியதும் இருவரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்தோம்.

"ஏன் திரும்பத் திரும்ப கேட்டே? இங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க" என்றார்.

சொன்னேன். முதல் வேண்டாம் எதற்கு, இரண்டாவது எதற்கு, மூன்றாவதில் என்ன நடக்கும் என்று எல்லாம் சொன்னேன். சித்தி வீட்டுப் பிஸ்கட்டையும் அம்மாவின் கிள்ளலையும் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ புது மெஷினின் கையேட்டைப் படிப்பதுபோலக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு அந்தக் கோட்டு?"

"வேணும்."

"குளிரே இல்லன்னியே?"

"செத்துக்கிட்டிருந்தேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய உடம்பு, வாளி ஆடியது. திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். "இரு. ப்ராஜெக்ட்டு? நீ வேண்டாம்னு சொல்லிட்டதா அவர் என்கிட்ட சொன்னாரே. அவருக்கு ரொம்ப வருத்தம்."

ஐந்து நாளாகக் கதவு வரை போயும் சொல்ல முடியாததை அந்த வாளியில் உட்கார்ந்து சொன்னேன். "வேணும். அதுக்காகத்தான் வந்தேன். அது இல்லன்னா நான் ஊருக்குப் போகணும்." சொல்லிவிட்டு விசில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது.

பூட்ஸம்மா எழுந்து போய்ச் சுவர்ப் போனை எடுத்தார். "லேபுக்கு வாங்க. இல்ல, இப்பவே" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பேராசிரியர் கல்லோடு வந்தார்.

"இவகிட்ட அந்தக் கேள்விய மறுபடி கேளுங்க" என்றார் பூட்ஸம்மா.

"எந்தக் கேள்விய? ப்ராஜெக்ட்டா? அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே. ஒருத்தர் வேண்டாம்னு சொன்ன பிறகு வற்புறுத்தறது நாகரிகம் இல்ல." என் பக்கம் திரும்பினார். "உண்மைய சொல்லணும்னா உங்க மேல எனக்கு மரியாதைதான் கூடிச்சு. முகத்துக்கு நேரா மறுக்கற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? துறைக் கூட்டத்துலகூட சொன்னேன்."

"கேளுங்க" என்றார் பூட்ஸம்மா.

அவர் குழம்பிப்போய், கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "என் ப்ராஜெக்ட்ல சேர்ந்துக்கறீங்களா?"

ஐந்து நாளாகக் கனவில் கேட்ட கேள்வி. நான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்ல சார், என்னால உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே என் வாயில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது. பேராசிரியர் கைகளை விரித்து, பார்த்தீர்களா என்பதுபோலப் பூட்ஸம்மாவைப் பார்த்தார். அவரோ கொஞ்சம்கூட அசரவில்லை.

"இது ரெண்டாவது. மூணாவது தடவை கேளுங்க."

"எதுக்கு மூணு தடவை?"

"ஒரே ஒரு கியூபை நசுக்கிட்டு நீங்க முடிவு எழுதுவீங்களா? குறைஞ்சது மூணு வேணும்னு பசங்களுக்கு நீங்கதானே பாடம் நடத்தறீங்க? கேளுங்க."

பேராசிரியர் மூன்றாவது தடவை கேட்டார்.

"சரி சார்" என்றேன். "நீங்க இவ்வளவு சொல்றீங்க."

மாலை ஐந்து மணிக்குள் என் பெயர் பட்டியலில் ஏறியது. நான் லேபை விட்டுக் கிளம்பும்போது என் தலைமேல் கனமாக ஏதோ விழுந்தது. அந்தக் கோட்டு. பூட்ஸம்மா வேண்டுமா என்று கேட்கவே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் சொல்லல? கேப்பார்னு?" என்றாள். ஜெயித்தது நானா அவளா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பிறகு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. கான்கிரீட் உறுதியாக நின்றது, நானும் நின்றேன். பாட்டுக்குழு மட்டும் என்னை மரியாதையாக அனுப்பிவைத்தது. நான் இந்த ஊர்ப் பழக்கத்துக்கு நன்றாகவே வந்துவிட்டேன். கேக் வேண்டுமா என்றால் வேண்டும், இரண்டு துண்டு என்பேன். யாராவது வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுவேன். மனசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பட்டமளிப்பு விழாவுக்குத் தேதி வந்தது. அதற்கு ஐந்து மாதம் இருந்தது. ஒரு நாள் காலை லேபில் டீ குடித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் பூட்ஸம்மா கியூப்களில் சிவப்புக் கிரையானால் எண் எழுதிக்கொண்டிருந்தார். முதலில் அப்பாவிடம் கேட்டேன். "முழங்கால் வலிம்மா, என்னை விட்டுடு" என்றார். அவர் வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம். இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியவர். அடுத்து அம்மாவிடம் போன் போயிற்று.

"பட்டம் குடுக்கறாங்கம்மா. நீ வரியா?"

"நான் எதுக்குடி அவ்வளவு தூரம்? அதெல்லாம் வேண்டாம்."

"சரிம்மா" என்றேன். "அப்புறம், அங்க மழையா?"

"ம்" என்றாள். பிறகு, "சரி, வெச்சுடறேன்" என்றாள்.

நான் டீக்கோப்பையைக் கழுவினேன், துடைத்தேன், அலமாரியில் வைத்தேன். பூட்ஸம்மா கியூபிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அம்மா வராங்களா?"

"இல்ல. கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க."

"எத்தனை தடவை கேட்டே?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா போனை வைத்து நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. அதே நான்கு நிமிஷம் பேராசிரியர் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

திரும்பவும் கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, நீ வரணும்."

"ஐயோ, எனக்கெதுக்குடி. ஸ்கூல்ல அட்மிஷன் நேரம். அந்தக் குளிரும் எனக்கு ஒத்துக்காது."

பூட்ஸம்மாவுக்கு நம் மொழி ஒரு வார்த்தை தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார்.

"அம்மா, நீ வந்தாத்தான் அந்தக் கறுப்பு அங்கிய நான் போடுவேன். இல்லன்னா போகவே மாட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி. நீ இவ்வளவு சொல்றே. வரேன்."

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடணும்மா. நாளைக்கே போ, மாசக்கணக்குல ஆகும்."

"அது வந்து எட்டு மாசமாச்சு."

"எட்டு மாசமா? ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையேடி" என்றாள் அம்மா.

நான் அங்கேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாகப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இன்றைக்குக் கேட்பாள் என்று இருந்திருக்கிறாள். அழுகை வந்தது. அம்மா அதைக் கவனிக்காத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு அதற்குள் மூட்டை கட்டும் வேகம் வந்துவிட்டது.

"அந்த பூட்ஸ் போட்ட அம்மாவுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? கேளு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்ஸம்மாவிடம் சொன்னேன், "அம்மா வராங்க. உங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரேங்கறாங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் பூட்ஸம்மா.

சொல்லிவிட்டுக் கிரையானைக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்தபடி காத்திருந்தார்.